மனைத் தரகுக்கு என்ன படிக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் என்று பதிவு செய்துகொள்ள எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை. தனிநபருக்குக் கட்டணம் 25,000 ரூபாய், நிறுவனத்துக்கு 50,000 ரூபாய். பான் கார்டு, புகைப்படம், அலுவலக முகவரிக்கான ஆதாரம், மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு ஆகியவற்றை ‘ஜி’ படிவத்தோடு தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். சரிபார்த்தபின் ஐந்தாண்டுக்குச் செல்லும் பதிவு எண் வந்துவிடும். கலிஃபோர்னியாவில் இதே வேலைக்கு வருகிறவர் 135 மணி நேரம் பாடம் படித்து, 150 கேள்விகள் கொண்ட தேர்வில் 70 சதவீதம் வாங்க வேண்டும். மகாராஷ்டிரம் 2023இல் ஏஜென்ட்களுக்கு 20 மணி நேரப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. நம்மிடம் 2017ஆம் ஆண்டு விதிகளில் அப்படி ஒன்று இல்லை.

இது வசதியாகத் தெரியலாம். எனக்கு இது கவலையாகத்தான் படுகிறது. ஒரு குடும்பம் இருபது ஆண்டு சேர்த்த பணத்தையும், அடுத்த இருபது ஆண்டுக்கான கடனையும் ஒரே கையெழுத்தில் கொண்டுபோய்ப் போடும் இடத்தில் நாம் நிற்கிறோம். அந்த இடத்தில் நிற்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. ஆகவே பாடத்திட்டத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர் ஆறு மாதம் ஒதுக்கினால் போதும். பதிவு எண் வாங்குவதை அதன் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் 92 பிரிவுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துவிட்டு, ஏஜென்ட்டைத் தொடும் பிரிவுகளை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 9இல் பலருக்குக் குழப்பம். ஆணையத்தில் பதிவான திட்டத்தில் உள்ள மனையையோ ஃபிளாட்டையோ விற்றுக்கொடுக்கத்தான் ஏஜென்ட் பதிவு கட்டாயம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் அந்தத் திட்டத்துக்குப் பதிவு தேவையில்லை. பழைய வீட்டை மறுவிற்பனை செய்துகொடுப்பதும், தனியார் தோட்டத்தைக் கைமாற்றுவதும், வாடகைக்குப் பிடித்துக்கொடுப்பதும் இதற்குள் வராது. பதிவில்லாமல் லே-அவுட் (மனைப்பிரிவு) மனையை விற்றுக்கொடுத்தால் பிரிவு 62இன்படி ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் ஏறும். அந்த மனையின் விலையில் 5 சதவீதம் வரை அது போகலாம். கமிஷனே 1 சதவீதம், 2 சதவீதம் என்று வாங்கும் தொழிலில் 5 சதவீதம் என்பது என்ன தொகை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிரிவு 10 ஏஜென்ட்டின் கடமைகளைச் சொல்கிறது. பதிவாகாத திட்டத்தை விற்றுக்கொடுக்கக் கூடாது. கணக்குப் புத்தகமும் ஆவணங்களும் வைத்திருக்க வேண்டும். இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. முன்பதிவு செய்யும்போதே வாங்குபவருக்கு உரிய எல்லா விவரமும் கைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். “அப்ரூவல் வந்துவிடும், ஃபைல் மேலே இருக்கிறது” என்ற ஒரு வாக்கியம் போதும், இந்தப் பிரிவை மீறியதற்கு. கூடவே பிரிவு 13ஐயும் பார்த்துக்கொள்ளுங்கள்: விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. பிரிவு 2இல் ‘கார்ப்பெட் ஏரியா’வின் விளக்கம் வருகிறது. வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி, குழாய்கள் போகும் இடைவெளி நீங்கலாக, உள்தடுப்புச் சுவர்களைச் சேர்த்துப் புழங்கும் தரைப்பரப்பு அது. ‘சூப்பர் பில்டப்’ (பொது இடங்களின் பங்கும் சேர்ந்த பரப்பு) 1,000 சதுர அடி என்று விளம்பரத்தில் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கில் எத்தனை வருகிறது என்று வரைபடத்தை வைத்து நீங்களே அளந்து சொல்லத் தெரிய வேண்டும். வாங்குபவர் சோபா போடப்போவது அந்தப் பரப்பில்தான்.

இதோடு சொத்து மாற்றுச் சட்டம் 1882, பதிவுச் சட்டம் 1908, ஒப்பந்தச் சட்டம் 1872இல் முகவர் பற்றிய அத்தியாயம். வக்கீலாவதற்காக இதைப் படிக்கவில்லை. எந்த இடத்தில் வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படிக்கிறோம். உதாரணமாக, எழுதிக் கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது வாங்கியவர் அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவார். இந்த இரண்டும் தெரியாமல் பேரம் பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

சட்டத்துக்கு ஒரு மாதம் போதும். அளவைக்கும் பத்திர வாசிப்புக்கும்தான் நேரம் வேண்டும்.

அளவையில் தடுமாறுகிறவரை எந்தப் பார்ட்டியும், அதாவது வாங்குபவரோ விற்பவரோ, நம்பாது. நம் ஊரில் ஒரே நிலம் நான்கு அலகில் பேசப்படுகிறது. பட்டாவில் ஹெக்டேர்–ஏர், பேச்சில் ஏக்கர்–சென்ட், சென்னையில் கிரவுண்டு, தஞ்சைப் பக்கம் குழி, மா, வேலி. 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. 100 சென்ட் 1 ஏக்கர். 1 கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், சென்ட்டில் 2.47. தஞ்சைக் கணக்கில் 12 அடிக்கு 12 அடி 1 குழி. 100 குழி 1 மா, ஏறத்தாழ 33 சென்ட். 20 மா சேர்ந்தால் 1 வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். ஆனால் குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ‘இங்கே குழி எத்தனை அடி’ என்று கேட்காமல் விலையைப் பேசவே கூடாது.

பட்டாவை எடுத்துப் பார்ப்போம். மேலே மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண். அதன்கீழ் உரிமையாளர் பெயரும் தகப்பனார் அல்லது கணவர் பெயரும். பிறகு புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், மற்றவை என்று கட்டங்கள். பரப்புக் கட்டத்தில் ‘0 - 12.50’ என்று இருக்கிறது என்று வையுங்கள். புதியவர் இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று வாசித்துவிடுவார். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். 12.50 ஏர் என்றால் 1,250 சதுர மீட்டர். 2.47ஆல் பெருக்கினால் 30.88 சென்ட். சதுர அடியில் 13,450க்குச் சற்று மேல். பன்னிரண்டரை சென்ட்டுக்கும் முப்பத்தொரு சென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் பேரத்தையே கவிழ்க்கும்.

அடுத்து, பட்டாவில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நாலைந்து பெயர் இருந்தால் அது கூட்டுப் பட்டா. அதில் யார் எந்த மூலைக்கு உடையவர் என்பது அந்தத் தாளில் இருக்காது. ஒருவர் மட்டும் வந்து ‘ரோட்டை ஒட்டினது என் பங்கு’ என்று சொன்னால், அதற்குப் பாகப் பிரிவினைப் பத்திரம் கேளுங்கள். பட்டா மட்டுமே உரிமையை நிரூபித்துவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. 1980களில் நடந்த யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவுகளில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, உட்பிரிவு தவறியது என்று ஏராளமான பிழைகள் உண்டு. அதனால் பட்டாவில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒரே கோட்டில் வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை.

பட்டாவோடு இரண்டு தாள்களைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஒன்று ‘அ’ பதிவேடு. அந்தப் புல எண் அரசுக் கணக்கில் என்ன வகை என்று அதில் தெரியும்: ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), நத்தமா (குடியிருப்பு நிலம்), மேய்க்காலா, வண்டிப்பாதையா, ஓடையா, கோயில் இனாமா. பஞ்சமி நிலமா என்று அறியவும் இங்கேதான் தொடங்க வேண்டும். 1892ஆம் ஆண்டு ஆணையின்படி ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு ஒப்படை செய்யப்பட்ட நிலம் அது. பத்தாண்டு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதற்குப் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே என்பது நிபந்தனை. இன்று அதன்மேல் பத்திரம் பலமுறை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை போய்விடாது. அப்படிப்பட்ட நிலத்தைத் தெரிந்தே பேசி முடிப்பது வாங்குபவருக்கு மட்டுமல்ல, அந்த நிலத்தை இழந்த குடும்பத்துக்கும் செய்யும் அநியாயம். இந்தத் தொழிலுக்கு வருகிறவர் இந்த வரலாற்றைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும் என்பேன்.

இன்னொன்று புலப்படம். எஃப்.எம்.பி. என்றால்தான் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் புரியும். ஒவ்வொரு எல்லைக் கோட்டின் மேலும் நீளம் எழுதியிருக்கும். புதுப் படங்களில் மீட்டரில், பழையவற்றில் லிங்க்ஸில். 100 லிங்க்ஸ் 66 அடி. படத்தை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய் நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் டேப் பிடித்துப் பாருங்கள். மூலைவிட்டம் பிடிக்காமல் பக்கங்களை மட்டும் அளந்தால், சாய்ந்த மனையும் செவ்வக மனையும் ஒன்றுபோலவே தெரியும், பரப்பு குறைந்திருப்பது தெரியாது. நகராட்சி, மாநகராட்சிப் பகுதி என்றால் இவற்றுக்குப் பதில் நகர நில அளவைப் பதிவேடு. அங்கே வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று வேறு எண்வரிசை இருக்கும். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பட்டாவில் டவுன் சர்வே எண்ணும் இருந்தால், இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கு ஒப்பீட்டு ஆதாரம் வேண்டும்.

இப்போது பத்திரம். தாய்ப்பத்திரத்திலிருந்து (பழைய மூலப் பத்திரம்) இன்றைய பத்திரம் வரை வரிசையாகக் கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள், சொத்து விவரத்துக்கு. அங்கே இப்படி எழுதியிருக்கும்: “30 அடி ரோட்டுக்கும் வடக்கு, 16ஆம் எண் மனைக்கும் கிழக்கு, 11ஆம் எண் மனைக்கும் தெற்கு, 18ஆம் எண் மனைக்கும் மேற்கு, இதன் மத்தியில் கிழமேலடி வடபுறம் 40, தென்புறம் 42, தென்வடலடி கீழ்புறம் 60, மேல்புறம் 58.” கிழமேலடி என்றால் கிழக்கு மேற்காக அளந்த நீளம், தென்வடலடி என்றால் தெற்கு வடக்காக அளந்தது. ‘ரோட்டுக்கும் வடக்கு’ என்பதைப் பார்த்து, ரோடு வடக்கில் இருக்கிறது என்று நினைப்பது புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. ரோட்டுக்கு வடக்கே இந்த மனை இருக்கிறது என்பதே பொருள். அப்படியானால் ரோடு இருப்பது தெற்கே, இது தெற்குப் பார்த்த மனை. வாஸ்து பார்க்கும் ஒருவரிடம் இதை வடக்குப் பார்த்த மனை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் அன்றோடு அந்தப் பார்ட்டி உங்களை விட்டுவிடும். புதிய பத்திரங்கள் சிலவற்றில் ‘தெற்கில்: 30 அடி ரோடு’ என்று நேராகவே எழுதுகிறார்கள். இரண்டு நடையும் பழக வேண்டும்.

பரப்பையும் போட்டுப் பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரி 41, 59. பெருக்கினால் 2,419 சதுர அடி. பத்திரத்தில் 2,400 என்றோ 2,420 என்றோ இருந்தால் சரி. 2,600 என்று இருந்தால் எங்கோ தவறு. தவறு பழைய பத்திரத்திலிருந்தே வருகிறதா, நடுவில் எழுதியவர் கூட்டிவிட்டாரா என்று ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். வாங்கியதைவிட அதிகமாக யாரும் விற்க முடியாது.

வில்லங்கச் சான்று (இ.சி.) என்பது ஒரு சொத்தின்மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல். அதை வாசிப்பதுதான் இந்தப் படிப்பின் நடுநாயகம். பதிவுத்துறையின் இணையதளத்தில் இ.சி.யைக் கட்டணமில்லாமல் பார்வையிடலாம். பல அலுவலகங்களுக்கு 1975 முதலே இணையத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிய நாள், தாக்கல் நாள், பதிவு நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், கீழே சொத்து அட்டவணை என்று வரும். மேலோட்டமாகப் பார்த்து ‘கடைசியில் இவர் பெயர்தான் இருக்கிறது’ என்று மூடிவைப்பதால் பயனில்லை. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு, எவ்வளவு பரப்பு என்று சங்கிலியாக எழுதுங்கள்.

ஒரு மாதிரி பார்ப்போம். 1991இல் முருகன் என்பவர் 2,400 சதுர அடி கிரயம் வாங்குகிறார். 2003இல் மனைவிக்கு ஏற்பாடு ஆவணம் (செட்டில்மென்ட்) எழுதுகிறார். 2014இல் மனைவி மூன்றாம் ஆளுக்கு விற்கிறார். 2016இல் அந்த மூன்றாம் ஆள் பத்திரத்தை அடமானம் வைத்து வங்கியில் உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு ஆவணம் எழுதுகிறார். பார்வைக்கு நேர்கோடு. ஆனால் 2003ஆம் ஆண்டுப் பதிவின் அட்டவணையில் ‘2,400இல் பிரிபடாத பாதி’ என்று இருந்தால்? மனைவி 2014இல் முழுவதையும் விற்றிருக்கிறார், அவருக்குச் சொந்தம் பாதிதான். மீதிப் பாதி இன்னும் முருகனுக்கு, அவர் இல்லையென்றால் வாரிசுகள் அத்தனை பேருக்கும். இது பெயர் வரிசையில் தெரியாது, அட்டவணையைப் படித்தால்தான் தெரியும். அடுத்து 2016ஆம் ஆண்டு அடமானத்துக்குப் பிறகு ‘இரசீது ஆவணம்’ என்று ஒரு பதிவு வரவில்லை. கடன் அடைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னாலும் வங்கி பதிவு செய்து கொடுக்கும் அந்த ரசீது வராதவரை கடன் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இ.சி.யில் வராதவை எவை என்பதும் இதே அளவு முக்கியம். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப் பிரிவினை, பதிவில்லாத குத்தகை, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்ட அட்வான்ஸ் ஒப்பந்தம் எதுவும் அதில் இருக்காது. கிரய உடன்படிக்கை, பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்), ஆவண ஒப்படைப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல்தான் கட்டாயம். அதற்கு முன் வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியது பல இடங்களில் இ.சி.யில் ஏறவே இல்லை. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லக் கூடாது. ‘தொலைந்துவிட்டது’ என்றால் காவல் துறையின் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ சான்றும் பத்திரிகை விளம்பரமும் கேளுங்கள். தொலைந்ததாகச் சொல்லப்படும் பத்திரம் தனியாரிடம் வட்டிக்கு அடமானத்தில் இருப்பது ஊர் அறிந்த கதை.

தேடும் முறையிலும் பிழை வரும். இன்று 45/2ஏ1 என்று உட்பிரிவான நிலம் 1995இல் 45/2 ஆக இருந்திருக்கும். புது எண்ணில் மட்டும் தேடினால் பழைய பதிவுகள் வராது, ‘வில்லங்கம் இல்லை’ என்று தாள் சுத்தமாக வந்து நிற்கும். கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டிலும் தேட வேண்டும். முப்பது ஆண்டு ஏன் கேட்கிறார்கள் என்றால், சொத்தை மீட்கத் தனியார் வழக்குப் போட 12 ஆண்டும் அரசு போட 30 ஆண்டும் கால வரம்பு. நீண்டதை எடுத்துக்கொள்கிறார்கள்.

வாரிசு, பவர், மைனர். வில்லங்கத்தில் பெரும்பகுதி இந்த மூன்றிலிருந்துதான் கிளம்புகிறது. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989இலேயே, அன்று திருமணமாகாத பெண்களுக்குக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. ‘அக்காவுக்குச் சீர் செய்தாயிற்று, அவள் கேட்கமாட்டாள்’ என்று அண்ணன் தம்பிகள் சொல்வதை வைத்துப் பேரம் முடிக்காதீர்கள். அந்த அக்கா வந்து கையெழுத்துப் போட வேண்டும், அல்லது முன்பே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது அவருடைய உரிமை. மைனர் பெயரில் உள்ள சொத்தைத் தந்தையோ தாயோ விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றதை அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு மூன்று ஆண்டுக்குள் எதிர்க்கலாம்.

பவர் பத்திரத்தில் பார்க்க வேண்டியது, விற்கவும் பணம் வாங்கவும் அதிகாரம் கொடுத்திருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பவை. கொடுத்தவர் இறந்ததும் சாதாரண பவர் முடிந்துவிடும். பவரை மட்டும் வாங்கிக்கொண்டு சொத்து கைமாறியதாக நினைப்பது செல்லாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்ன சாக்குச் சொன்னாலும், முடிந்தவரை உரிமையாளரோடு ஒருமுறை முகம் பார்த்துப் பேசிவிடுங்கள்.

லே-அவுட் மனை என்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண்ணும், ஆணையத்தின் பதிவு எண்ணும், முத்திரையிட்ட வரைபடமும் மூன்றும் வேண்டும். வரைபடத்தில் மனை எண்ணைக் கண்டுபிடித்து, ரோட்டின் அகலத்தை இடத்தில் அளந்து பாருங்கள். ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தான செட்டில்மென்ட்டாகப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் இ.சி.யில் தேடலாம். அனுமதியில்லாத மனைகளில் 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றுக்கே வரன்முறைத் திட்டம் பொருந்தும். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு, அனுமதியில்லாத மனை முன்பே மனையாகப் பதிவாகியிருந்தாலொழியப் பதிவு செய்யத் தடை போடுகிறது.

செலவுக் கணக்கு வாயிலேயே வர வேண்டும். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017 ஜூன் முதல் 4 சதவீதமாக இருந்த பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 2 ஆனது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மீது கணக்கு. சதுர அடி 1,500 ரூபாய் வீதம் 2,400 சதுர அடி என்றால் 36 லட்சம். தீர்வை 2,52,000, கட்டணம் 72,000, ஆக 3,24,000 ரூபாய். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் மூன்று லட்சத்துக்கு அலையும் குடும்பங்கள், தரகர் சொல்லாமல் விட்டதால்தான் அலைகின்றன.

பணம் கைமாறுவதிலும் சில எண்கள். சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே தொகை அபராதமாக வரலாம். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வரியாகக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவர் என்றால் இந்த 1 சதவீதம் செல்லாது, பிடித்தம் பல மடங்கு. அங்கே ஆடிட்டர் இல்லாமல் ஓர் அடியும் வைக்கக் கூடாது.

உங்கள் கமிஷன் பற்றி: வாயால் பேசியது கடைசி நாளில் கரைந்துபோகும். ஒரு பக்கக் கடிதம் போதும். சொத்து விவரம், எதிர்பார்க்கும் விலை, கமிஷன் எத்தனை சதவீதம், எந்த நாளில் தர வேண்டும், இரு பக்கமும் வாங்குகிறீர்களா என்பது. இரு பக்கமும் வாங்குவதாக இருந்தால் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். உரிமையாளர் சொன்ன விலைக்கு மேல் வைத்து விற்று மிச்சத்தைத் தனியே எடுத்துக்கொள்வது நம் தொழிலில் சகஜமாகிவிட்டது. அதை நான் தரகு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒப்பந்தச் சட்டமும் முகவர் தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் அடைந்த ஆதாயத்தை அவர் திருப்பிக் கேட்க வழி வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் எப்படிப் பழகுவது? முதல் பாடப்புத்தகமாக உங்கள் வீட்டுப் பத்திரத்தையே எடுங்கள். பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் எல்லாம் அரசு இ-சேவை இணையதளத்திலேயே கிடைக்கும். முப்பதாண்டு இ.சி. பார்த்துச் சங்கிலி எழுதுங்கள், எங்கே கண்ணி விட்டுப்போகிறது என்று குறியுங்கள். பிறகு உறவினர், நண்பர் வீடுகள் என்று இருபது சொத்து. வாரத்துக்கு ஒன்று என்றாலும் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். நடுவில் இரண்டு மாதம், சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய ஓர் ஆவண எழுத்தரிடம் காலை நேரம் மட்டும் உட்கார அனுமதி கேளுங்கள். எந்தப் பத்திரம் எதற்காகத் திரும்பி வருகிறது என்பது அங்கே தெரியும்: சாட்சியின் அடையாள அட்டை இல்லை, பெயரில் முதலெழுத்து மாறியிருக்கிறது, வழிகாட்டி மதிப்பில் தெருப்பெயர் தவறு, முந்தைய ஆவண எண் பொருந்தவில்லை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இது கிடைக்காது.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். சில நாள் கழித்து அதே சொத்துக்கு மறுபடி இ.சி. எடுத்து, வாங்கியவரின் பெயர், பரப்பு, மனை எண், எல்லை எல்லாம் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பத்திரத்தை அருகில் வைத்துச் சரிபாருங்கள். பிழை இருந்தால் விற்றவர் ஊரில் இருக்கும்போதே பிழைத்திருத்தல் ஆவணம் எழுதிவிடலாம். பட்டா மாற்றத்தில் உட்பிரிவு இல்லாதது விரைவில் வரும். உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் இடத்துக்கு வருவார். அன்று வாங்கியவரோடு போய் நின்று, கல் நடும் இடத்தைப் புலப்படத்தோடு ஒப்பிட்டுக் காட்டிக்கொடுங்கள்.